இல்லை என்றவர்களும் இட்டு நிரப்பியவர்களும்

அரை நூற்றாண்டாகப் பத்திரிகைக்கு எழுதி வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தொழிலின் பெரும்பகுதி குறை சொல்வதுதான். கண்டியில் வீதி உடைந்தால் எழுதினேன். மகாவலி பெருகிக் கெட்டம்பேப் பக்கம் வெள்ளம் ஏறினால் எழுதினேன். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் வரவில்லையென்றால் எழுதினேன். தமிழகத்தார் புகார் என்பதை இலங்கையில் நாம் முறைப்பாடு என்போம். எனக்குப் பிடித்த சொல் அது. மனுநீதிச் சோழனின் வாயிலில் மணியை அசைத்த பசு செய்ததும் முறைப்பாடே அல்லவா?

2018ஆம் ஆண்டு அப்படியொரு முறைப்பாட்டைக் கட்டுரையாக எழுதினேன். எழுபதுகளில் கண்டியிலிருந்து சில ஆண்டுகள் வெளிவந்து நின்றுபோன சிற்றிதழ் ஒன்று இன்று எந்த நூலகத்திலும் இல்லை, நம் சமூகம் தன் நினைவைத் தானே தொலைக்கிறது, பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன என்றெல்லாம் சற்றுக் காரமாகவே கேட்டிருந்தேன். பலர் பாராட்டினார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. பேராதனையில் பொறியியல் படிக்கும் மாணவர். பழைய அச்சுப் பிரதிகளைப் படம்பிடித்து இணையத்தில் சேர்க்கும் தொண்டர் குழு ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னார்.

"சேர், கட்டுரை வாசிச்சன். அந்த இதழ் உங்களிட்ட ஒண்டுகூட இல்லையா?"

இருந்தது. பதினொரு இதழ்கள். கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுப் பின்னறையில், கட்டிலுக்குக் கீழே, தகரப் பெட்டியில். அந்த மாணவர் சனிக்கிழமை ஒரு கமெராவும் கண்ணாடித் தகடும் கறுப்புத் துணியுமாக வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தோம். கண்டியின் ஈரக்காற்றைப் பற்றி இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொன்றில் நான்கு கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் போயிருந்தன. மற்ற ஏழும் ஓரங்கள் அரிக்கப்பட்டு, தொட்டால் உதிரும் நிலை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. துணியை விரித்து வேலையைத் தொடங்கிவிட்டார். காரமான கட்டுரையை எழுத நான் செலவழித்த இரண்டு மாலைப்பொழுதுகளில் அந்தப் பெட்டியை ஒருமுறை வெயிலில் வைத்திருக்கலாம்.

தேநீர் குடிக்கும்போது, "இந்த வேலையை எங்கே பழகினீர், தம்பி?" என்று கேட்டேன். திறந்த மூல மென்பொருள் ஆக்கும் குழுக்களோடு சேர்ந்திருந்ததில் வந்த பழக்கம் என்றார். அங்கே ஒருவர் வந்து இது இல்லை, அது சரியில்லை என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லையாம். எந்த இடத்தில், எப்போது, உங்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விகள்தான் வருமாம். சில இடங்களில் கோபிப்பதும் உண்டு என்று பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

அதன்பின் அந்த உலகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அது தொடங்கியதே ஒரு முறைப்பாட்டில்தான். 1980 அளவில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முன்பிருந்த அச்சுப்பொறி சிக்கும்போது காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அவ்வாறே செய்யலாம் என்றால் மூலநிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தமிட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கிய எரிச்சலோடு ஸ்டோல்மன் நின்றிருந்தால் அது ஓர் அலுவலகச் சிணுங்கலாக முடிந்திருக்கும். 1983 செப்டெம்பரில் அவர் யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளமொன்றை எழுதப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதனோடு வந்து சேர்ந்தது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998இல் வைக்கப்பட்டது.

இனித் தமிழுக்கு வருகிறேன். கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தை நம் தலைமுறைப் பத்திரிகையாளர் எவரும் மறக்க மாட்டார். இலங்கையில் பாமினி எழுத்துரு அரசாண்டது. பழைய தட்டச்சு விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கு அது சுகம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டுரை முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். நான் எழுதிய ஓர் அஞ்சலிக் குறிப்பு அப்படி ஒரு வெளிநாட்டு நண்பருக்குப் போய், ஏதாவது வைரஸ் அனுப்பிவிட்டாயா என்று அவர் கேட்டதுண்டு. ஒவ்வொரு ஊரும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்துக்கொண்டு தத்தமக்குள் மட்டுமே பேசிய காலம் அது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 அதைத் தாங்கி வந்தது. எனினும் பழகியதை விட யாருக்கும் மனமில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு அநீதி நடந்துவிட்டது, மெய்யெழுத்துகளுக்குத் தனி இடம் தரவில்லை என்ற வாதம் வேறு பல்லாண்டு ஓடியது. அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும், வாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறு சிலர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜேர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியை எழுதி இலவசமாகத் தந்தார். முகுந்தராஜும் நண்பர்களும் எ-கலப்பையைத் தந்தார்கள். என்னைப்போன்ற எத்தனையோ பேரின் பழைய கட்டுரைகள் இன்று வாசிக்கக் கிடைப்பது இத்தகையவர்களின் நித்திரை கெட்ட இரவுகளால்தான்.

அந்நாளில் நான் பயன்படுத்திய ஓர் இலவசக் கருவி (பெயர் வேண்டாம்) சில இடங்களில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டது. 'மோசமான கருவி, தமிழைக் கொலை செய்கிறது' என்று அதை ஆக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பத்திரிகைக்காரன் அல்லவா, கடைசியில் வள்ளுவரையும் இழுத்திருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி ஐயா, எந்தச் சொல்லில் பிழை வந்தது, நீங்கள் இட்ட மூலப் பகுதியை அப்படியே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். வெட்கத்தோடு உட்கார்ந்து இருபத்தாறு சொற்களைப் பட்டியலிட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் திருத்திய பதிப்பு வந்தது. என் முதல் மின்னஞ்சலால் அவருக்கு ஒரு பயனும் இருந்திருக்க முடியாது. இரண்டாவதைத்தான் அவர்கள் 'வழு அறிக்கை' என்கிறார்கள். மென்பொருளில் நேரும் பிழைக்கு வழு என்று பெயரிட்ட தமிழரை எண்ணி மகிழ்கிறேன். நம் இலக்கணத்தார் வழுவையும் சொல்லி, வழுவமைதியையும் சொன்னவர்கள்.

அந்தக் குழுக்களில் சொற்களுக்காக நடந்த சண்டைகளும் கொஞ்சநஞ்சமல்ல. கணினியா கணணியா, இயங்குதளமா இயக்குதளமா என்று வாரக்கணக்கில் எழுதுவார்கள். தமிழகச் சொல்லை ஈழத்தவர் ஏற்கவில்லை, ஈழச் சொல் தமிழகத்தாருக்கு விளங்கவில்லை என்று மனத்தாங்கல் வரும். இறுதியில், உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வரிகளை உண்மையில் தமிழாக்கியவர் எந்தச் சொல்லைப் போட்டாரோ அதுவே நின்றது. இது சரியான முறையா என்று கேட்டால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நேரம் உள்ளவனின் சொல் வெல்வதும் ஒருவகை அதிகாரமே. ஆனால் வெற்றுத் திரையைவிட அது மேல்.

1998 தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்தும் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, யாவர்க்கும் இலவசமாக இட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தவரும் கட்டடக் கலைஞருமான இ. மயூரநாதன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஏறக்குறையத் தனியாளாக அதை நடத்திச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதில் பிழை மலிந்திருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் இன்றும் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருத்து என்ற பொத்தான் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கிறது.

ஈழத்து நூல்களின் கதை இன்னும் நெருக்கமானது. 1981 ஜூன் முதலாந் திகதி விடிவதற்கு முன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைப்பற்றி நானும் எழுதியிருக்கிறேன், பலமுறை. எழுதியே ஆகவேண்டிய முறைப்பாடு அது. இன்னும் எழுதுவேன். ஆனால் 2005இல் மு. மயூரன், தி. கோபிநாத் முதலிய இளைஞர்கள் 'நூலகம்' என்ற பெயரில் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோதுதான், எரிந்ததை எண்ணிக் கலங்கிய நாம் எரியாமல் மிஞ்சியதற்கு என்ன செய்தோம் என்ற கேள்வி என்னைத் தைத்தது. மயூரன் கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கும் வேலையிலும் ஈடுபட்டவர். அங்கு பழகிய முறையே இங்கும் வந்தது. பெரிய நிதியோ அரச அனுமதியோ பார்த்திருக்காமல், கையில் உள்ள ஒரு நூலில் தொடங்கினார்கள். இன்று அங்கே இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள் உள்ளன. மலையக வெளியீடுகளும் அவற்றுள் அடங்கும்.

இப்பழக்கத்தைக் கணினி கொண்டுவந்தது என்று இளையோர் நினைத்தால், கண்டிக்காரன் என்ற முறையில் நான் மறுப்பேன். கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்தி லெப்பை தம் சமூகம் கல்வியில் பின்தங்கிக் கிடக்கிறது என்று ஓயாமல் குறைப்பட்டவர். குறைப்படுவதற்கென்றே 1882இல் இங்கிருந்து 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதே கை பாடசாலைகளையும் திறந்தது. பெண் பிள்ளைகளுக்கும் திறந்தது. 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதியது. பின்னொரு காலத்தில், கண்டிக்கு வடக்கே மலைச்சரிவில் உள்ள கல்ஹின்னைக் கிராமத்தில் எஸ்.எம். ஹனிபா தமிழ் மன்றம் என்ற பதிப்பகத்தை நிறுவினார். தமிழ் இலக்கிய வரலாற்றில் முஸ்லிம் புலவர்களுக்கு இடமில்லை என்ற குறை அப்போது பரவலாக இருந்தது. ம.மு. உவைஸ் அந்தக் குறையைத் தீர்க்க நூல்களைத் தேடித் தொகுத்து ஆய்வு செய்தார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அமைந்த அவ்வாய்வு நூல் 1953இல் வெளிவந்தது, கல்ஹின்னையிலிருந்து. தலைநகரத்து அச்சகங்கள் ஏன் முன்வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு கிராமம் போட்ட புத்தகம் அது. பிற்பாடு மலையகத்தாரின் எழுத்தைப் பதிப்பிக்க ஆளில்லை என்ற குறையை அந்தனி ஜீவா கண்டியிலிருந்து 'கொழுந்து' இதழாலும் மலையக வெளியீட்டகத்தாலும், துரை விஸ்வநாதன் தம் துரைவி பதிப்பகத்தாலும் எதிர்கொண்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் எழுதிய பதிப்புரையைப் படியுங்கள். ஏடுகள் உதிர்வதையும் அழிவதையும் கண்டு அவர் விடும் கண்ணீர் இன்றும் ஈரமாக இருக்கிறது. அதைவிடக் கடுமையான முறைப்பாட்டை நான் வாசித்ததில்லை. பதிப்புரை முடிந்து பக்கத்தைப் புரட்டினால் கலித்தொகை இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 'குறை சொல்லாதே, முடிந்தால் நீயே செய்' என்ற வாசகம் மென்பொருள் குழுக்களில் அடிக்கடி வீசப்படுவதாக அந்த மாணவர் சொன்னார். அதை நான் மலைநாட்டில் வேறு வடிவங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்களின் வழித்தோன்றல்களில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்நிலை தீர்ந்தது. அத்தனை காலமும் முறைப்பாடே அவர்களிடமிருந்த ஒரே கருவி. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வரும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தாயிடம் போய், நீயே மொழிபெயர்த்துக்கொள் என்று சொல்ல முடியுமா? எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்தத் திகதி என்று அவர் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதும் இரண்டு வரி, எந்த நிரலுக்கும் குறையாத பங்களிப்பு. நிரல் எழுதத் தெரியாதவன் வழுவைச் சொல்லக்கூடாது என்பதும் இதே வகை ஆணவம்தான்.

2004 டிசம்பர் 26க்குப் பின்னான நாட்களும் நினைவுக்கு வருகின்றன. கடல் காணாத கண்டியிலிருந்தும் லொறி லொறியாக நிவாரணம் கிழக்கே போனது. ஒரு முகாமுக்கு மூன்றுமுறை அரிசி, பக்கத்து முகாமுக்கு ஒன்றுமில்லை. காணாமற்போனோர் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. நாங்கள் எழுதித் தள்ளினோம். எழுத வேண்டியதுதான். அதேவேளை கொழும்பில் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தொண்டர்கள் சில வாரங்களிலேயே காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிவிட்டார்கள். அதற்கு 'சஹானா' என்று பெயர். நம்மவருக்கு இராகம் நினைவுக்கு வரும். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். மூலநிரலோடு அதை உலகுக்கே திறந்துவிட்டதால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும் அது உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது.

குறை சொல்வதன் இரண்டு முகங்களையும் ஒரே கதையில் காண விரும்புவோருக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்ற சிறு மென்பொருள் உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல்லாண்டாகப் பராமரித்தவர் பின்லாந்து நாட்டவர் ஒருவர், சம்பளமில்லாமல். 2022இல் அவர்மீது முறைப்பாடுகள் குவிந்தன. வேலை மந்தம், திருத்தங்கள் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடு என்று. தம் மனநலம் சரியில்லை, இது ஊதியமற்ற பொழுதுபோக்கு வேலை என்று அந்த மனிதர் பணிவாகப் பதில் எழுதினார். குரல்கள் ஓயவில்லை. அவ்வேளை பொறுமையாக உதவி செய்துகொண்டிருந்த புதியவர் ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். அந்தப் புதியவர்தான் பின்னர் உலகின் கணினிகளுக்குள் திருட்டுவழி அமைக்கும் நிரலை அதனுள் புதைத்தார். முறையிட்ட பெயர்கள் போலியானவை, அந்தச் சதியின் பகுதி என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். களைத்த மனிதனை உடைக்க வெறும் குறைசொல்லலே போதும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆந்திரஸ் பிரௌண்ட் என்ற பொறியியலாளர். தம் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை விநாடி! நம்மில் எவரும் கவனித்திருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்போம். அவர் ஏன் என்று அளந்து, தோண்டி, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்று எழுதி உலகுக்கு அறிவித்தார்.

அந்த மாணவர் படித்து முடித்து இப்போது வேறு நாட்டில் வேலை செய்கிறார். ஆனால் என்னை விடவில்லை. படம்பிடித்த ஏழு இதழ்களையும் அவர்கள் தட்டச்சிட்டு முடித்தார்கள். மெய்ப்புப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பக்கம் பார்க்கிறேன். ளகர லகர மயக்கங்களே அதிகம். சென்ற வாரம் வந்த பக்கத்தில் நான் மாணவனாயிருந்தபோது எழுதிய ஒரு சிறு கட்டுரை இருந்தது. ஓரத்தைப் பூச்சி தின்றதில் மூன்று வரிகளின் கடைசிச் சொற்கள் இல்லை. எழுதியவன் நானேயாயினும் எவ்வளவு யோசித்தும் அவை நினைவுக்கு வரவில்லை. ஊகித்து நிரப்பலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு மூன்று இடத்திலும் அடைப்புக்குறிக்குள் 'சிதைவு' என்று இட்டு அனுப்பிவிட்டேன்.